கல்குடா: ஒரு கரையூரின் வரலாறு

வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கோட்டைகளும் கோபுரங்களும், முடிமன்னர்களும் அவர்தம் போர்களுமே. அநுராதபுரத்துக்கு வரலாறு உண்டு, பொலன்னறுவைக்கு உண்டு, நல்லூருக்கும் கண்டிக்கும் உண்டு. ஆயின், மீன் பிடித்தும், சேனை வெட்டியும், தென்னை வளர்த்தும் காலங்கழித்த ஒரு கரையோரச் சிற்றூருக்கு வரலாறு உண்டா? இவ்வினாவைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். உண்டு என்று உடனே விடை கூறினேன். "அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, சேர்?" என்று அவள் மீண்டும் கேட்டபொழுது எனக்கு விடை கூற இயலவில்லை. அன்று கூற இயலாத விடையினையே இன்று நேயர்கள் முன்னிலையில் ஒருவாறு கூற முற்படுகிறேன். அவ்வூர் கல்குடா.

இலங்கைத் தீவின் கீழ்க்கரையிலே, மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில் கல்குடா அமைந்துள்ளது. தெற்கே மட்டக்களப்பு வாவி. வடமேற்கே வாழைச்சேனைக் களப்பு. அதற்கும் வடக்கே பனிச்சங்கேணியின் உப்புநீர்ப் பரப்பு. இவ்வாறு நீர்நிலைகள் சூழ்ந்த நிலத்திலே கடலினுள் மூக்குப்போல நீண்டு நிற்கும் ஒரு முனையும், அம்முனையின் இருமருங்கும் வளைந்து கிடக்கும் இரண்டு குடாக்களுமே இவ்வூரின் முகமாகும். தென்புறத்தது கல்குடா. வடபுறத்தது பாசிக்குடா.

ஒரே முனையின் இருபுறமும் கிடப்பினும் இவ்விரு குடாக்களும் குணத்தால் வேறுபட்டவை. பாசிக்குடாவின் கடல் குளம்போன்றது. கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மீற்றர் தூரம் உள்ளே நடந்து சென்றாலும் நீர் நெஞ்சளவைத் தாண்டாத இடங்கள் அங்கே உள. வெளிக்கடலின் சீற்றத்தை முருகைக்கற் பாறைகள் தடுத்து நிறுத்துகின்றன. கல்குடாவோ திறந்த கடலை நோக்கியது. அங்கே அலை கரையோடு நேரே பேசும். நீந்தக் கற்பவன் பாசிக்குடாவுக்குச் செல்வான். கடலோடு பிழைப்பவன் இரண்டையும் அறிந்திருப்பான்.

ஆண்டின் பருவங்களும் இவ்வூரை இரண்டாகப் பிரிக்கின்றன. ஐப்பசியிற் கறுக்கத் தொடங்கும் வானம் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்றோடு மழையைக் கொட்டும். அக்காலத்திற் கடல் கொந்தளிக்கும், களப்பு நிறையும், வயல் உயிர்பெறும். பங்குனிக்குப் பின்னர் கடல் அடங்கும். வைகாசி தொட்டு மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். நிலம் வெந்து புழுதி பறக்கும். அப்பொழுது கடல் ஆளை அழைக்கும். ஆகவே, மாரியில் நிலமும் கோடையிற் கடலுமாக இரண்டு தாய்மார் இவ்வூரை மாறிமாறி வளர்த்தனர் எனல் பொருந்தும்.

நேயர்களே, எழுதப்பட்ட ஏடுகள் இல்லாத ஊரிலே முதலில் நாம் படிக்கவேண்டிய ஏடு ஊர்ப்பெயரே. கல் நிறைந்த குடா கல்குடா. பாசி படர்ந்த குடா பாசிக்குடா. நம் முன்னோர் ஊருக்குப் பெயரிட்டபொழுது அரசனின் பெயரை நாடவில்லை. கண்ணெதிரே கிடந்த நிலத்தின் குணத்தையே பெயராக்கினர். அயலூர்களின் பெயர்களையும் பாருங்கள். காடு வெட்டிச் சேனை செய்த இடம் வாழைச்சேனை. பனிச்சை மரமும் கேணியும் சேர்ந்து பனிச்சங்கேணி. அவ்வாறே மாங்கேணி, காயாங்கேணி. மடுவை அடையாளமாகக் கொண்டது கல்மடு. வெளியை அடையாளமாகக் கொண்டது கதிரவெளி. இப்பெயர்களை வரிசையாக எழுதினால், எங்கே நன்னீர் கிடைத்தது, எங்கே காடு செறிந்திருந்தது, எங்கே நிலம் வெட்டையாகக் கிடந்தது என்பதைக் காட்டும் ஒரு தேசப்படம் நம் கையில் உண்டாகிவிடும். அளவைத் திணைக்களத்தார் சங்கிலி பிடித்து அளக்க வருமுன்னரே மக்கள் தம் நாவினால் இந்நிலத்தை அளந்து வைத்திருந்தனர்.

இனி, இந்நிலத்தின் தொன்மையைச் சிறிது நோக்குவோம். கல்குடாவுக்கு வடக்கே, வாகரைக்கும் அப்பால், கதிரவெளியிலே பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் காணப்படுகின்றன. இறந்தோரைக் கற்பலகைகள் நிறுத்திய அறைகளில் வைத்துப் போற்றிய மக்கள் இக்கரையில் வாழ்ந்தமைக்கு அவை சான்றாகும். இக்கரையின் பழங்குடிகளான கரையோர வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் எழுதியுள்ளனர். காட்டிலே வேட்டையாடியோரின் வழித்தோன்றல்கள் கடலிலே மீன் பிடித்துத் தமிழ் பேசி வாழ்வதை அவர்கள் கண்டனர். வாகரை, பனிச்சங்கேணிப் பகுதிகளில் அம்மரபினர் இன்றும் வாழ்கின்றனர்.

வாழைச்சேனைக் களப்பினூடே கடலை அடையும் ஆறு மாதுறு ஓயா. மலைநாட்டின் கிழக்குச் சரிவிலே பிறந்து 130 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவரும் இவ்வாற்றின் மேற்பகுதியிலே, மகாவலித் திட்டத்தின்கீழ் அணைகட்ட முற்பட்ட காலத்தில், ஒரு வியப்பு நிகழ்ந்தது. இக்காலப் பொறியியலாளர் அணைக்குத் தேர்ந்த அதே இடத்தில், பண்டைக்காலத்தார் கட்டிய மதகு ஒன்று மண்ணுள் மறைந்து கிடக்கக் கண்டனர். எங்கே நீரை மறிக்கலாம் என்று கருவிகள் கொண்டு ஆராய்ந்தவர்களும், கண்ணாலும் காலாலும் ஆராய்ந்தவர்களும் ஒரே முடிவுக்கு வந்திருந்தனர். அவ்வாற்றின் நீர் கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையிலேதான் நம்முடைய கல்குடா இருக்கிறது.

ஆட்சிப் பிரிவிலே கல்குடா கோறளைப்பற்றைச் சேர்ந்தது. மட்டக்களப்பு நாடு பழங்காலந்தொட்டுப் பல பற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வடக்கே வெருகலாற்றை எல்லையாகக் கொண்டு கிடந்த பெரும் பற்று கோறளைப்பற்று. அதற்குத் தெற்கே ஏறாவூர்ப்பற்று. இப்பற்றுகளில் உள்ளூர்த் தலைவர்கள் நிருவாகம் நடத்தினர். கண்டியரசரின் மேலாண்மையை அவர்கள் ஏற்றிருந்தனர். 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கிக் கண்டிக்குச் சென்றார். 1628இற் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1795இல் மட்டக்களப்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

இவையெல்லாம் நடந்தபோது கல்குடாவில் என்ன நடந்தது? கோட்டையிற் கொடி மாறிய நாளிலும் இங்கே கரைவலை இழுக்கப்பட்டிருக்கும். ஆனாலும், அந்நியரின் சுவடு இவ்வூரை முற்றும் விட்டுவைக்கவில்லை. பாசிக்குடாவுக்கு வடமேற்கே வாழைச்சேனைக் களப்பு கடலோடு கலக்கும் குடாவைக் கடற்படங்கள் வெண்டலூஸ் குடா என்று குறிக்கின்றன. ஒல்லாந்த மாலுமியரின் நாவில் வழங்கிய அப்பெயர் இன்றும் படங்களில் நிற்கிறது. ஊரவர் நாவிலோ அது ஏறவேயில்லை. ஒரே நீருக்குக் கப்பலில் வந்தவன் ஒரு பெயரும் தோணியில் வந்தவன் வேறு பெயரும் இட்டான்.

ஆங்கிலேயர் காலத்திலே மட்டக்களப்பின் கரை நெடுகத் தென்னந்தோட்டங்கள் எழுந்தன. ஐரோப்பியரும் உள்ளூர்ச் செல்வரும் காணி பெற்றுத் தென்னை நட்டனர். தேங்காய் உரிக்கவும், கொப்பரா உலர்த்தவும், தும்பு அடிக்கவும் கூலியாட்கள் வந்தனர். மீனும் நெல்லும் மட்டுமே அறிந்திருந்த ஊருக்குக் காசு என்ற மூன்றாவது விளைபொருள் அறிமுகமாயிற்று. எனினும், ஊரின் உள்வாழ்வு பழைய தடத்திலேயே ஓடியது. வைகாசி மாதத்திலே கண்ணகையம்மன் கோயில்களிற் கதவு திறந்து சடங்கு நடத்திக் குளுத்தி பாடுதலும், அறுவடைக்குப் பின்னர் களரியமைத்து வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடுதலும் மட்டக்களப்பு நாடு முழுவதற்கும் பொதுவான வழக்கங்கள். அவற்றுக்குக் கோறளைப்பற்று புறம்பன்று. அயலிலுள்ள ஓட்டமாவடி, மீராவோடை முதலிய முஸ்லிம் ஊர்களோடு கொள்ளலும் கொடுத்தலும் நிகழ்ந்தன. ஒருவர் வயல் செய்ய மற்றவர் மாடு கொடுத்தார். ஒருவர் மீன் பிடிக்க மற்றவர் அதனைச் சந்தைக்குக் கொண்டு சென்றார். ஒருவர் வீட்டு மங்கலத்தில் மற்றவர் முற்றத்தில் அமர்ந்திருந்தார்.

இத்தனிமையை உடைத்தது புகைவண்டி. மாகோவிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்ட இருப்புப்பாதை கல்லோயாச் சந்தியில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை 1927இல் திருகோணமலையையும், மற்றது 1928இல் மட்டக்களப்பையும் அடைந்தது. மட்டக்களப்புக் கிளை மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்து, புணானைக் காட்டை ஊடறுத்து, வாழைச்சேனைக்கு வந்து, கல்குடாவைத் தொட்டபின் தெற்கே திரும்புகிறது. ஓட்டமாவடியிற் களப்பின்மேற் கட்டப்பட்ட இரும்புப் பாலத்திலே நெடுங்காலம் புகைவண்டியும் மாட்டுவண்டியும் மோட்டார் வண்டியும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொண்டன. வண்டி வருங்காலத்திற் கதவடைத்து மற்றவரெல்லாம் காத்து நிற்பர்.

அப்பாதை அமைந்த காலத்தில் புணானைக் காட்டிலே மனிதரைத் தின்னப் பழகிய சிறுத்தையொன்று பலரைக் கொன்றது. 1924இல் ஷெல்ரன் ஏகர் என்ற ஆங்கிலேயர் அதனைச் சுட்டு வீழ்த்தினார். பதப்படுத்தப்பட்ட அதன் உடல் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டது. சிறுத்தைக்கு நூதனசாலையில் இடமுண்டு. சுட்டவருக்கு நூல்களில் இடமுண்டு. அச்சிறுத்தையால் மாண்ட எளியோரின் பெயர்களை இன்று அறிந்தவர் யார்? சிற்றூர் வரலாற்றின் துயரம் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கிவிடுகிறது.

புகைவண்டி வந்தபின் கொழும்பு ஓர் இரவுத் தூரமாயிற்று. மீன் பனிக்கட்டியிற் பொதியப்பட்டு மேற்கே சென்றது. அரிசி மூடையும் மண்ணெண்ணெயும் புத்தகமும் கிழக்கே வந்தன. பின்னாளில் உதயதேவி என்னும் பகல் வண்டியின் பெயரைக் கேட்டாலே எங்கள் பிள்ளைகளுக்குப் பெருநகரின் நினைவு வரும்.

உலகப் போரின் அலையும் இக்கரையில் மோதியது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் அதற்குத் துணையாக வந்த கப்பலும் மூழ்கடிக்கப்பட்டன. விமானந்தாங்கியாகவே வரையப்பட்ட கப்பல்களுள் உலகில் முதலாவது அதுவே. அதிலிருந்த 307 பேர் மாண்டனர். அன்று மூழ்கிய பிரித்திஷ் சார்ஜன்ற் என்னும் எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாவுக்கு அண்மைக் கடலில் இன்றும் கிடக்கிறது. மீன்கள் அதனை வீடாக்கிக்கொண்டுள்ளன. போர்க்கலம் பாறையாகிப் பாறை மீன்குலத்துக்கு ஊராகியது. கடலின் நீதி அது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலே கல்குடாவின் பெயர் நாடாளுமன்றத்தில் ஒலிக்கலாயிற்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் கல்குடா தனித் தொகுதியாயிற்று. அதன் முதலாவது பிரதிநிதி வ. நல்லையா. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலத்தில் கிராமப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி கிட்டவேண்டும் என்று உழைத்தவர்களுள் அவர் ஒருவர். அக்காலத்தில் வந்தாறுமூலையில் எழுந்த மத்திய கல்லூரியின் வளாகத்திலேயே 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பின்னர் இத்தொகுதியின் உறுப்பினராயிருந்த கே. டபிள்யூ. தேவநாயகம் நாட்டின் நீதி அமைச்சராகவும் விளங்கினார். 1989இல் விகிதாசாரத் தேர்தல் முறை வந்தபின் தனித் தொகுதி என்ற நிலை மறைந்தது. ஆயினும், வாக்களிப்புப் பிரிவின் பெயராகவும் கல்வி வலயத்தின் பெயராகவும் கல்குடா இன்றும் வாழ்கிறது. சிற்றூரொன்றின் பெயர் தன்னிலும் பன்மடங்கு பெரிய நிலப்பரப்பைச் சுமந்து நிற்கும் விந்தையை இங்கே காண்கிறோம்.

1950களின் நடுவிலே வாழைச்சேனையிற் காகித ஆலை நிறுவப்பட்டது. காட்டில் வளர்ந்த இலுக்குப் புல்லும் வயலில் எஞ்சிய வைக்கோலும் அங்கே எழுதுதாளாக மாறின. வைக்கோலை மாடு தின்னும் என்றுமட்டும் அறிந்திருந்த விவசாயி, அதே வைக்கோலிற் பிள்ளை பாடம் எழுதுவதைக் கண்டான். ஆலையின் சங்கொலி சுற்றுவட்டாரத்துக்கே மணிக்கூடாயிற்று. எத்தனையோ குடும்பங்களிற் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ஆலைவாயிலில் வேலைக்குச் சென்றனர். இங்கே ஓர் உண்மையை நேயர்கள் மனங்கொள்ளவேண்டுகிறேன். தீவு முழுவதும் எழுதுவதற்குத் தாள் செய்து கொடுத்த இம்மண், தன் கதையை எழுதத் தனக்கென ஒரு தாளையும் எடுத்து வைக்கவில்லை.

1960களின் பிற்பகுதியில் அரசு உல்லாசப் பயணத்துறையை வளர்க்கத் திட்டமிட்டபோது கீழ்க்கரையும் அதனுள் அடங்கியது. 1970களிலே கல்குடா, பாசிக்குடாக் கரைகளில் விடுதிகள் எழுந்தன. வெயிலைத் தேடி ஐரோப்பாவிலிருந்து மக்கள் வருவதைக் கண்டு, வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடும் எம்மூரார் வியந்தனர். சிலருக்குச் சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது; சிலர் சங்கும் சிப்பியும் விற்றனர்.

பின்னர் வந்தது 1978ஆம் ஆண்டு கார்த்திகை. நவம்பர் 23ஆம் நாள் இரவு. அப்பொழுது நான் இரண்டாம் வகுப்பு மாணவன். மாலையிலேயே காற்று இரைந்தது. இரவு ஏற ஏற ஓலைக்கூரை பறந்தது. பின் சுவர் அசைந்தது. தந்தையார் எங்களைக் கட்டிலின்கீழ் இருத்தித் தாம் கதவில் முதுகைக் கொடுத்து விடியும்வரை நின்றார். காற்று நடுவிலே ஓய்ந்தது. தப்பினோம் என்று வெளியே சென்றவர்களை மறுதிசையிலிருந்து எழுந்த காற்று வாரியடித்தது. சூறாவளியின் கண் எம்மைக் கடந்தது என்பதைப் பிற்காலத்தில் புவியியல் படித்தபோதே அறிந்துகொண்டேன். விடிந்தபோது தென்னைகளெல்லாம் ஒரே திசையிற் சரிந்து கிடந்தன. அச்சூறாவளி நாட்டில் 900க்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மட்டக்களப்பு மாவட்டத் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதி அழிந்தது. தென்னை மீண்டும் காய்க்க ஆண்டுகள் பல வேண்டும். ஒரு தலைமுறையின் சேமிப்பு ஓர் இரவிற் கரைந்தது.

முறிந்த தென்னை மீண்டும் காய்க்கத் தொடங்குமுன் நாடு முறிந்தது. 1983இன் பின்னர் எழுந்த போர் இக்கரையை நெடுங்காலம் வாட்டியது. விடுதிகள் வெறிச்சோடிச் சிதைந்தன. காகித ஆலையின் சங்கு தளர்ந்து, பின் ஓய்ந்தது. முற்றத்தில் ஒன்றாயிருந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் ஐயுற்ற கொடிய நாட்களும் வந்தன; இரு புறத்திலும் மாசற்றோர் மாண்டனர். மக்கள் மூட்டைகட்டிப் புறப்படுவதும் மீள்வதும், மீண்டும் புறப்படுவதுமாக ஆண்டுகள் கழிந்தன. ஒவ்வொரு புறப்பாட்டிலும் அவர்கள் முதலில் எடுத்தவை குழந்தைகளும் அரிசியும். ஏடுகளை எடுத்தவர் சிலரே.

எஞ்சியவற்றைக் கடல் எடுத்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணை. காலை ஒன்பது மணியை அண்டிய நேரத்தில் ஆழிப்பேரலை கீழ்க்கரையை மோதியது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்ட அப்பேரழிவிலே கல்குடாவும் பாசிக்குடாவும் நொறுங்கின. குளம்போன்றது என்று நான் கூறிய அதே பாசிக்குடாக் கடல் அன்று மதிலாக எழுந்து வந்தது. அலை வடிந்தபின் கரையோரப் பாடசாலையொன்றிற் சேற்றை அள்ளச் சென்ற ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அலுமாரி கவிழ்ந்து கிடந்தது. சேர்வு இடாப்புகளும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் பிசைந்த மாவுபோலாகியிருந்தன. வெயிலிற் பரப்பிப் பார்த்தோம். மை முழுவதும் கரைந்து நீலக்கறை மட்டுமே எஞ்சியது.

சில மாதங்களின் பின் முதிய மீனவர் ஒருவர் அப்பாடசாலையைத் தேடி வந்தார். அவர் இருந்த காணி அவருடையது என்பதற்கு உறுதி இல்லை, அலையோடு போயிற்று. பிறப்புப் பத்திரமும் இல்லை. சிறுவனாயிருந்தபோது அப்பாடசாலையில் இரண்டாண்டுகள் படித்தமையால், இடாப்பில் தம் பெயரும் ஊரும் இருக்கும் என்று நம்பி வந்திருந்தார். நாங்கள் அவருக்கு நீலக்கறையைத்தான் காட்ட முடிந்தது. அவர் நெடுநேரம் அதனைப் பார்த்துவிட்டு, "நான் இந்த ஊராள் எண்டு கடலுக்குத் தெரியும், சேர். கந்தோருக்குத்தான் தெரியாது" என்று சொல்லிப் போய்விட்டார்.

நேயர்களே, அன்றே எனக்கு ஓர் உண்மை விளங்கியது. சிற்றூரின் வரலாறு ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று. ஊரின் பதிவு அழிந்தால் ஊரவனின் உரிமையும் அதனோடு தளர்கிறது. இக்காணியில் யார் இருந்தனர், இக்கரையில் யார் தோணி ஏற்றினர், இக்கேணியில் யார் நீர் அள்ளினர் என்பவற்றைச் சொல்ல ஏடு இல்லாவிடின், உரத்த குரலில் யார் சொல்கிறாரோ அவர் சொல்வதே வரலாறாகிவிடும்.

2009இற் போர் முடிந்தபின் பாசிக்குடாக் கரையில் விடுதிகள் மீண்டும் எழுந்தன. முன்னையவற்றிலும் பெரியனவாக எழுந்தன. வீதிகள் செப்பனிடப்பட்டன. முன்னர் பாதையோடு நின்று பாதையோடு கடந்த கரையோர வழியிற் பாலங்கள் அமைந்தன. இவை நன்மைகளே, எம் இளைஞர் சிலருக்கு வேலையும் கிடைத்தது. ஆயினும், விடுதி வேலிகளுக்கிடையே தோணி ஏற்றும் கரை சுருங்கியதென்று மீனவர் முறையிட்டனர். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், 2020இற் பரவிய கொள்ளைநோயும், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியும் அடுத்தடுத்து வந்து விருந்தினரைத் தடுத்தபோது, வீட்டில் உலை வைத்தது பழைய தொழிலான மீன்பிடியே. விருந்தினரும் வேண்டும், மீனவரும் வேண்டும். இருவருக்கும் இடமளிக்கக் கரை அகன்றது. மனம் அகலவேண்டும்.

முருகைக்கல்லின் கதையும் இத்தகையதே. சுண்ணாம்புக்காக அதனை உடைத்த காலம் உண்டு. 1998இற் கடல் அளவுக்குமேல் வெம்பியபோது இலங்கையைச் சூழ்ந்த முருகைப் பாறைகள் பல வெளிறி மாண்டன. பாசிக்குடாவைக் குளமாக வைத்திருப்பது அப்பாறையே என்பதை மறந்தால், குடா இருக்கும். அதன் அமைதி இராது.

மேல்நாட்டார் இவ்விடயத்தில் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. போலந்து நாட்டுச் சிற்றூர்களிலே தேவாலயப் பதிவேடுகள் பேணப்பட்டன. இன்ன நாளில் இன்னார் பிறந்தார், மணந்தார், இறந்தார் என்று பங்குக் குருமார் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்தனர். ஆட்சி பல கைமாறிய அந்நாட்டில், குடியானவனின் பெயர் அரச ஏட்டிலன்றித் தேவாலய ஏட்டிலே பிழைத்தது. அந்நாட்டின் தலைநகராகிய வார்சோவின் பழைய நகரம் இரண்டாம் உலகப்போரில் தரைமட்டமாக்கப்பட்டது. மக்கள் அதனை மீண்டும் கட்டியபொழுது, பதினெட்டாம் நூற்றாண்டில் பெலொட்டோ என்ற ஓவியர் தீட்டிய நகரக் காட்சிகளையும் துணையாகக் கொண்டனர். ஓவியம் வரைந்தவர் தம் ஓவியம் ஒருநாள் கொத்தனாருக்கு வழிகாட்டும் என்று எண்ணியிருப்பாரா? எழுதி வைத்தது எக்காலத்தில் எவருக்கு உதவும் என்று முன்கூட்டி அறிய இயலாது. ஆகவேதான் எழுதி வைக்கவேண்டும்.

நமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. கனகரத்தினம் 1921இல் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூலெழுதினார். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தை வெளியிட்டார். நாடு முழுவதற்கும் அவர்கள் செய்ததை ஊர் ஊராக நாம் செய்யவேண்டும்.

எம் பாடசாலையில் இப்பணியைச் சிறிய அளவில் தொடங்கியுள்ளோம். பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் நான்கு வினாக்களைக் கேட்டு வரவேண்டும். நீங்கள் எங்கே பிறந்தீர்கள்? சூறாவளியின்போது எங்கே இருந்தீர்கள்? எந்தத் துறையிலிருந்து கடலுக்குப் போனீர்கள்? இப்பொழுது எவரும் சொல்லாத இடப்பெயர் ஏதும் உங்களுக்குத் தெரியுமா? விடைகளை இரண்டு படிகளாக எழுதுகிறோம். ஒன்று பாடசாலையில் இருக்கும். மற்றது கடலிலிருந்து தொலைவான இடத்தில் இருக்கும். அனுபவம் எமக்குக் கற்பித்த பாடம் அது.

நான்காவது வினாவே பெருஞ்செல்வத்தைத் தந்தது. கடலுக்குள் மறைந்திருக்கும் பாறைகளுக்கும், கரையில் ஒரு காலத்தில் நின்ற மரங்களுக்கும், தோணி இழுத்த துறைகளுக்கும் முதியோர் பெயர் சொன்னார்கள். எந்தப் படத்திலும் அவை இல்லை. தொடக்கத்திற் கூறினேனே, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்ட மாணவி. இப்பெயர்களுள் மிகுதியானவற்றைத் தேடிக் கொணர்ந்தவள் அவளே. அவளுடைய பாட்டனார் இப்பொழுது கடலுக்குப் போவதில்லை. மாலைதோறும் கரையிலிருந்து கையை நீட்டிப் பாறைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் காட்டுவாராம். பேத்தி கொப்பியில் எழுதிக்கொள்வாளாம்.

அவள் கேட்ட வினாவுக்கு இனி விடை உண்டு. அந்தக் கொப்பியே அந்தப் புத்தகம். இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் எவ்வூரவராயினும், தங்கள் வீட்டு முதியவர் அருகில் இன்றிரவே சிறிதுநேரம் அமர்ந்து, ஊரின் பழைய பெயரொன்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைப்பார்களாயின், கல்குடாவைப் பற்றிய என் உரை பயனுடையதாகும்.